லேக் கார்டன்ஸில் தடுக்கிய ரயில்

நான் வேலையிலிருந்து விடைபெற்ற நாளன்று என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன். "கேக்கை வெட்டுங்கப்பா" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்ல நினைத்ததைத்தான் இப்போது எழுதுகிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

வேலை நுணுக்கம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ரேமை எப்படிச் சோதிப்பது, விளையாட்டு ஏன் தடுக்குகிறது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கொல்கத்தாவில் ஒரே வீட்டுக்கு நான் ஆறு முறை போனேன். அதில் இரண்டு முறை தவறாகப் பார்த்தேன். ஒரு முறை திருடி என்று பெயர் வாங்கினேன். அந்த வீட்டைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருடங்கள். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் கடை. பக்கத்துக் கடையில் காலையில் காப்பிக்கொட்டை அரைக்க ஆரம்பித்தால் எங்கள் மேஜை மேல் கிடக்கும் மதர்போர்டு வரைக்கும் மணக்கும். முதலாளி வங்காளி. எல்லோருக்கும் அவர் தாதா, அதாவது அண்ணன். என் பெயர் செல்வி என்று எத்தனை முறை சொன்னாலும் அவர் வாயில் அது 'ஷெல்பி'தான். வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் பார்க்கும் வேலையில் அந்த வட்டாரத்தில் நான் ஒருத்திதான் பெண். கதவைத் திறப்பவர்கள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மெக்கானிக் எங்கே?" என்று கேட்பார்கள். "நான்தான்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே சிரிப்பு வரும்.

என் கணவருக்கு அப்போது ஹால்தியாவில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வருவார், திங்கட்கிழமை விடியலில் கிளம்பிவிடுவார். அது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

ஒருநாள் தாதா ஒரு சீட்டை நீட்டினார். "லேக் கார்டன்ஸ். உங்க ஊர்க்காரர். ரயில் விளையாட்டு தடுக்குதாம். நீயே போ, உன் பாஷையில திட்டு வாங்கிக்கோ."

அவர் பெயர் சபாபதி. கரக்பூரில் மெயில் வண்டி ஓட்டியவர். அப்பா காலத்திலேயே ரயில்வே வேலைக்காக வந்து தங்கிவிட்ட குடும்பம். ஓய்வு பெற்றதும் லேக் கார்டன்ஸில் இரண்டாவது மாடியில் வீடு வாங்கி வந்துவிட்டார்கள். ஒரே மகள் புனேயில் இருந்தாள். அவள்தான் மின்னஞ்சல் அனுப்பலாம் என்று கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தாள். சபாபதி சார் மின்னஞ்சல் பக்கமே போகவில்லை. சாந்தினி மார்க்கெட்டில் யாரோ விற்ற ரயில் ஓட்டும் விளையாட்டு சிடி ஒன்றை வாங்கி வந்து, அதில் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை.

அவர் மனைவியைத் தெருவே மாசிமா என்று கூப்பிட்டது. வங்காளத்தில் அது சித்தி, பெரியம்மாவுக்கான சொல். நானும் அப்படியே கூப்பிட்டேன். தமிழ்க்காரியை இன்னொரு தமிழ்க்காரி மாசிமா என்று கூப்பிடுவது எங்கள் இருவருக்கும் விசித்திரமாகப் படவே இல்லை. கொல்கத்தா அப்படித்தான்.

"பாரும்மா," என்றார் சபாபதி சார். மானிட்டரில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்திருந்தார். "நடுவழில, செக்ஷன்ல வண்டி ஜம்முனு போகுது. ஸ்டேஷன் வர்றப்பதான் கோளாறு. ப்ளாட்ஃபாரம் கண்ணுக்குத் தெரிஞ்சதும் நொண்டுது. நான் பிரேக் போடறது ஒரு இடம், வண்டி நிக்கிறது இன்னொரு இடம். என் சர்வீஸ்ல ஒரு நாள்கூட நான் ப்ளாட்ஃபாரத்தைத் தாண்டி நிறுத்தினதில்லை."

கடைசி வார்த்தைகளை அவர் சொன்ன விதத்தில் நான் நிமிர்ந்து பார்த்தேன். ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும்போது கண் பரிசோதனையில் தேறாமல் அவரை வண்டியிலிருந்து இறக்கி, மேஜை வேலைக்குப் போட்டிருந்தார்கள். சர்க்கரை வியாதி கண்ணைத் தின்றிருந்தது. அதை அவர் சொல்லவில்லை. மாசிமா காப்பி கொண்டு வந்தபோது அடங்கிய குரலில் சொன்னார்.

கோளாறு எனக்கு உடனே பிடிபட்டது. வெட்டவெளியில் காட்ட ஒன்றுமில்லை, தண்டவாளமும் மரமும்தான். ஸ்டேஷன் வந்தால் கட்டடம், கூரை, பெஞ்சு, பலகை என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நினைவில் வைக்க வேண்டும். மெஷினின் நினைவுக் குச்சியான ரேம் அறுபத்து நாலு எம்.பி.தான் இருந்தது. இடம் போதாமல் ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வைத்து, திரும்ப எடுத்து என்று மெஷின் அல்லாடியது. முன்னால் இருந்த சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. மறுநாள் நூற்று இருபத்தெட்டில் இன்னொரு ரேம் கொண்டுபோய்ப் பக்கத்துத் துளையில் பொருத்தினேன். வண்டி வெண்ணெயாக ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. சபாபதி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"என்னம்மா பண்ணினே?" என்று மாசிமா கேட்டார்.

எனக்கு அன்றைக்குப் பெருமை. பெட்டியைத் திறந்து காட்டி, விளக்கமாகச் சொன்னேன். "இதோ இந்தக் குச்சிதான் மாசிமா. இந்த ரெண்டு வெள்ளைக் காதையும் வெளியே தள்ளினா வந்துடும், உள்ளே அழுத்தினா உட்கார்ந்துக்கும். இது இல்லேன்னா ஸ்டேஷன்ல வண்டி நொண்டும். ஆனா பிளக்கைப் பிடுங்காம கையை மட்டும் வச்சுடாதீங்க."

மாசிமா கவனமாகக் கேட்டுக்கொண்டார். நான் பார்த்த வாடிக்கையாளர்களிலேயே அவ்வளவு அக்கறையாகக் கேட்டவர் அவர்தான்.

பத்து நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். மெஷினைப் போட்டதும் திரையில் அறுபத்து நாலுதான் எண்ணியது. பெட்டியைத் திறந்தால் புது ரேமின் ஒரு பக்கக் காது விரிந்து, குச்சி சற்றே எழும்பியிருந்தது. நான்தான் சரியாக அழுத்தவில்லை என்று நினைத்தேன். எடுத்து, பித்தளை நிறத்தில் இருக்கும் அடிப்பாகத்தைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, திரும்பப் போட்டேன். சரியாகிவிட்டது. "மழைக்காலம் சார், ஈரம் ஏறுது" என்று சொல்லிவிட்டு வந்தேன். கொல்கத்தாவில் எந்தக் கோளாறுக்கும் மழைமேல் பழி போடலாம். யாரும் மறுக்கமாட்டார்கள்.

மூன்றாம் முறையும் அதே கதை. இந்தத் தடவை இரண்டு காதும் விரிந்திருந்தன. துளைதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, ரேமை மூன்றாவது துளைக்கு மாற்றினேன். இப்படியே போனால் மதர்போர்டையே மாற்ற வேண்டியிருக்கும் என்று வேறு சொல்லி வைத்தேன். பெட்டியின் பின்பக்கத் திருகுகளில் ஒன்றின் தலை சிதைந்திருந்தது. பார்த்தேன். என் ஸ்க்ரூடிரைவர் வழுக்கியிருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். பாருங்கள், ஒரே கோளாறு மூன்றாம் முறை வருகிறது, பார்க்கவேண்டியது கண் முன்னால் இருக்கிறது, நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன். அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், நாள் முழுக்க என்ன செய்கிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. மெஷினைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் தாதா என்னை உள்ளே கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்தி நான் பார்த்ததே இல்லை.

"லேக் கார்டன்ஸிலிருந்து போன். அந்த ரேம் பெட்டிக்குள்ளேயே இல்லையாம். பக்கத்து வீட்டுக்காரர் திறந்து பார்த்துச் சொன்னாராம். கடைசியா திறந்தது நீ. நீ எடுத்துட்டேன்னு சொல்றார்."

அந்தக் காலத்தில் எங்கள் தொழிலில் இதைவிட மோசமான பேச்சு கிடையாது. மெஷினைச் சரிபார்க்க வந்தவன் பெரிய ரேமை எடுத்துக்கொண்டு சின்னதைச் சொருகிவிட்டான் என்று தெருவுக்கு ஒரு கதை ஓடும். பாதி உண்மையாகவும் இருக்கும். ஒரு பெயர் அப்படிக் கெட்டால் அப்புறம் எந்த வீட்டுக் கதவும் திறக்காது. கடைக்கும் சேர்த்துத்தான் அந்தப் பெயர்.

"எடுத்தியா?" என்று தாதா கேட்டார்.

"இல்லை தாதா."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "சரி. இனி இந்தக் கேள்வியை நான் கேட்கமாட்டேன். ஆனா சனிக்கிழமைக்குள்ள அங்கே ஒரு பதில் சொல்லியாகணும். இல்லேன்னா உன்னை வீடுகளுக்கு அனுப்ப என்னால முடியாது, ஷெல்பி. ஒண்ணு மட்டும் சொல்றேன். நீ நல்லவள்னு காட்டறதுக்காக அங்கே போகாதே. அப்படிப் போனா கண்ணு அதை மட்டும்தான் தேடும். ரேம் எங்கே போச்சுன்னு பார்க்கப் போ."

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஹால்தியாவுக்குப் போன் போட்டுக் கணவரிடம் சொல்லலாம் என்று எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், வரிசையில் நின்று, என் முறை வந்ததும் திரும்பி வந்துவிட்டேன். என்னவென்று சொல்வது? ஒரு வீட்டில் என்னைத் திருடி என்கிறார்கள் என்றா? யாரோ எடுத்திருக்கிறார்கள், எடுத்தவர் யாரென்று தெரிந்தால் நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேட்டுவிட வேண்டும் என்று மனதுக்குள் வசனம் எழுதிக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை காலை போனேன். சபாபதி சார் கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை. "பாரு" என்றார். அவ்வளவுதான். பின்னாலேயே நின்றுகொண்டார். மாசிமா தண்ணீர் தம்ளரோடு அறை வாசலில் நின்றார்.

பெட்டியைத் திருப்பினேன். திருகைப் பார்த்தேன். இந்த முறை நின்று பார்த்தேன். அதன் தலையில் இருந்த கீறல் ஸ்க்ரூடிரைவர் போட்டதல்ல. ஏதோ தட்டையான முனை, கத்தி மாதிரி, நாலைந்து தரம் வழுக்கியிருந்தது. பக்கத் தகட்டைக் கழற்றினேன். மூன்றாவது துளை காலி. அதன் இரண்டு வெள்ளைக் காதுகளும் விரிந்து கிடந்தன. ஒரு காதின் மேல் விரல்நுனி அளவுக்கு மஞ்சள்.

சமையல் மஞ்சள். அரைத்த கையோடு தொட்டால் பிளாஸ்டிக்கில் ஏறிக்கொள்ளுமே, அந்த மஞ்சள்.

நான் தலையைத் தூக்கினேன். மாசிமா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதைப் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. சபாபதி சார் என் தோளுக்கு மேலே குனிந்து அதே துளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை.

மூன்று நாளாக நான் எழுதி வைத்த வசனம் நாக்கு நுனியில் இருந்தது. ஒரு வார்த்தை போதும். என் பெயர் மீண்டுவிடும். ஆனால் அந்தக் கணத்தில் எனக்கு அந்த வீடு முதல்முறையாகத் தெரிந்தது. வெராண்டாவில் இரண்டு பிரம்பு நாற்காலி. ஒன்றின் மெத்தை அழுந்திப் போயிருந்தது, இன்னொன்று புதிதாக இருந்தது. அன்றைக்குச் சனிக்கிழமை. என் வீட்டுக்காரர் சாயங்காலம் வருவார். வருகிற ஆளுக்காக ஆறு நாள் காத்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். வந்த ஆள் பக்கத்து அறையிலேயே இருந்தும் வராமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

கைக்குட்டையை எடுத்தேன். அந்த மஞ்சளைத் துடைத்துவிட்டேன்.

இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கையில் இருந்த ஒரே சாட்சியை நானே அழித்தேன். மாசிமா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அன்றோடு என் தொழில் முடிந்திருக்கும். உங்களில் யாராவது அந்த இடத்தில் நின்றால் துடைக்கச் சொல்லமாட்டேன். ஆனால் வாயைத் திறப்பதற்கு முன் அந்த ஒரு கணம் நில்லுங்கள். அதை மட்டும் சொல்வேன்.

"ஸ்டிக் இதுல இல்லை சார்," என்றேன். "நான் எடுக்கலை. வேற எதுவும் எனக்குச் சொல்லத் தெரியலை."

"நீ எடுக்கலைன்னா காலு முளைச்சா போச்சு?" அவர் குரல் உயர்ந்தது. "நான் உங்க முதலாளிகிட்டயே..."

"அந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க."

மாசிமா தம்ளரை ஸ்டூல் மேல் வைத்தார். உள்ளே போனார். சாமி அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்னத் துணிப்பொட்டலம், பழைய ரவிக்கைத் துணி. பிரித்தார். ரேம் இருந்தது, கொஞ்சம் குங்குமம் ஒட்டிக்கொண்டு.

"நான்தான் எடுத்தேன்," என்றார். "முதல்ல ரெண்டு தடவை ஆட்டி மட்டும்தான் விட்டேன். இந்தப் பொண்ணு வந்து வந்து சரி பண்ணிட்டா. அதான் எடுத்தே வச்சுட்டேன். நீங்க காலைல லேக்குக்கு வாக்கிங் போவீங்களே, அப்ப." பிறகு என்னைப் பார்த்து, "பிளக்கைப் பிடுங்கிட்டுத்தாம்மா செஞ்சேன், நீ சொன்ன மாதிரி. உன் தலைல விழும்னு நினைக்கலைடி. இவர் போன்ல சொன்னதைக் கேட்டதிலேர்ந்து மூணு நாளா விளக்கேத்தவே கை வரலை" என்றார்.

சபாபதி சார் மனைவி பக்கம் திரும்பி, "எதுக்கு ராஜம்?" என்றார். மாசிமாவின் பெயர் ராஜம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வண்டி நொண்டினா நீங்க எழுந்து வர்றீங்க. வெராண்டால வந்து உக்கார்றீங்க. அது சரியில்லை, இது சரியில்லைன்னு ஏதாவது பேசறீங்க. டீ கேக்கறீங்க." அவர் அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். "முப்பத்தி மூணு வருஷம் லைனுக்குப் போனீங்க. எப்ப வருவீங்கன்னு கரக்பூர்ல அந்த க்வார்ட்டர்ஸ் ஜன்னல்லயே நின்னேன். ரிட்டையர் ஆனா வீட்டுக்கு வந்துடுவீங்கன்னு இருந்தேன். இப்ப வீட்டுக்குள்ளேயே லைனுக்குப் போயிட்டீங்க."

கீழே ஒருவன் மீன் விற்றுக்கொண்டு போனான். அவன் குரல் தெருமுனை திரும்பும் வரை நாங்கள் மூன்று பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

சபாபதி சார் போய்ப் போனை எடுத்தார். எங்கள் கடை எண்ணைச் சுழற்றினார். நேராக நிமிர்ந்து நின்றுகொண்டு, உடைந்த வங்காளத்தில், "தப்பு என்னுது. பொண்ணு மேல தப்பே இல்லை. மன்னிக்கணும்" என்றார். மேலதிகாரியிடம் அறிக்கை கொடுப்பவர் மாதிரி இருந்தார். போனை வைத்துவிட்டு என் பக்கம் பார்க்காமல் வெராண்டாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ரேம் என் கையில் இருந்தது. போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் மாசிமாவைப் பார்த்தேன்.

"போடும்மா," என்றார். "போட்டுட்டுப் போ."

போட்டேன். குங்குமத்தைத் துடைத்துவிட்டுப் போட்டேன். தகட்டை மூடி, தலை சிதைந்த திருகை எடுத்துவிட்டு வேறு புதுசு முடுக்கினேன். வெளியே வந்தபோது இரண்டு பிரம்பு நாற்காலியிலும் ஆள் இருந்தது. பேச்சு மட்டும் இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து அழைப்பே வரவில்லை. ஒரு வருடம், அதற்கு மேலேயே இருக்கும். டாலிகஞ்ச், லேக் கார்டன்ஸ் பக்கம் போகும்போதெல்லாம் அந்த இரண்டாவது மாடியை அண்ணாந்து பார்ப்பேன். சில நாள் வெராண்டாவில் துணி காயும். சில நாள் ஜன்னல் மூடியிருக்கும். மேலே ஏறிப்போய்க் கதவைத் தட்டலாம். வேலை இல்லாமல் ஒரு வீட்டுக் கதவைத் தட்ட எங்கள் தொழிலில் வழக்கமில்லை. அவர் விளையாட்டை விட்டுவிட்டாரா, மாசிமாவுக்கு ஒரு பதில் கிடைத்ததா என்று தெரிந்துகொள்ள மனம் கிடந்து தவித்தது. சனிக்கிழமைகளில் என் வீட்டுக்காரரிடம் அவர்களைப் பற்றியே பேசுவேன். "போய்ப் பார்த்துட்டுதான் வாயேன்" என்பார் அவர். போகவில்லை.

அடுத்த வருடம் துர்கா பூஜை முடிந்து கடை திறந்த வாரம், போனை நான்தான் எடுத்தேன்.

"செல்வி இருக்காளா? நான் லேக் கார்டன்ஸ் மாசிமா பேசறேன். ஸ்டேஷன்ல வண்டி நொண்டுதும்மா. இன்னும் பெரிய குச்சியா ஒண்ணு கொண்டு வாயேன்."

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "சார் சொல்லச் சொன்னாரா மாசிமா?"

"அவர் சொல்லலை. நான்தான் கேக்கறேன். எனக்கு வேணும்."

இருநூற்று ஐம்பத்தாறு ஒன்றை எடுத்துக்கொண்டு அன்றைக்கே போனேன். கதவு சாத்தாமல் இருந்தது. உள்ளேயிருந்து குரல் கேட்டது. மாசிமா, "மஞ்சள்!" என்றார். சபாபதி சார், "மஞ்சள்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பச்சை!" "பச்சை."

நான் வாசலிலேயே நின்றேன். மானிட்டர் முன்னால் இரண்டு நாற்காலி. சபாபதி சார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அவர் முகம் திரையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்திருந்தது. கையிரண்டும் கீபோர்டில் இருந்தன. வேகத்துக்கு ஒரு விசை, பிரேக்குக்கு ஒரு விசை. விரல் தடவி அறிவதற்காக அந்த இரண்டின் மேலும் மாசிமா ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருந்தார். அறுவை சிகிச்சை செய்தும் கண் நிற்கவில்லை, இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் என்று மாசிமா பிறகு சொன்னார்.

நிஜ வண்டியிலும் அப்படித்தானாம். சிக்னல் தெரிந்ததும் உதவி டிரைவர் உரக்கச் சொல்ல வேண்டும், டிரைவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கண் போன பிறகு மூன்று மாதம் அவர் அந்த அறைக்கே வரவில்லையாம். வெராண்டாவில்தான் நாள் முழுக்க. "நான் கேட்ட மாதிரியே வந்து உக்கார்ந்தார்," என்றார் மாசிமா. "ஆனா பேசலை. அப்படி உக்கார்றதைப் பார்க்க முடியலைடி. ஒருநாள் நானே மெஷினைப் போட்டேன். கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். சிக்னலை நான் சொல்றேன், நீங்க ஓட்டுங்கன்னேன். இப்ப என்ன கஷ்டம்னா, ஸ்டேஷன்ல படம் நின்னு நின்னு வருது. நான் சிவப்பைப் பார்த்துச் சொல்றதுக்குள்ள இவர் தாண்டிடறார். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் முகத்தைத் தூக்கி வச்சுக்கறார். என்னால இவருக்குக் கெட்ட பேரு."

"அவ சரியாத்தான் சொல்றா," என்றார் சபாபதி சார், சுவரைப் பார்த்தபடி. "மெஷின்தான் லேட்டு."

ஒரு வருடத்தில் மெஷினில் வேறு என்னென்னவோ ஏறி, இருந்த ரேம் மறுபடி போதாமல் போயிருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். பழைய அறுபத்து நாலை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். திரையில் எண்ணிக்கை ஏறியதை உரக்கப் படித்துச் சொன்னேன். சபாபதி சார் தலையாட்டினார்.

"ஒரு ட்ரிப் இருந்து பார்த்துட்டுப் போம்மா," என்றார்.

நின்று பார்த்தேன். பனி மூடிய மலை, ஏதோ வெளிநாட்டுப் பாதை. நம் ஊர்ப் பாதை அந்த விளையாட்டில் இல்லை. மாசிமாவுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. மூக்கு நுனியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு சிக்னல், வளைவு, பாலம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஸ்டேஷன் வந்தது. படம் தடுக்கவில்லை. "மஞ்சள்." "மஞ்சள்." "சிவப்பு, இன்னும் தூரம் இருக்கு... இப்ப போடுங்க." விரல் பொட்டின் மேல் அழுந்தியது. வண்டி ப்ளாட்ஃபாரத்தின் முனையில், ஒரு சாண்கூடத் தள்ளாமல், நின்றது.

சபாபதி சார் விரலை எடுக்கவில்லை. "ப்ளாட்ஃபாரத்துல கூட்டம் இருக்கா ராஜம்?" என்று கேட்டார்.

திரையில் ஒரு ஆள் இல்லை. வெறும் பெஞ்சும் கம்பமும். சுமை குறையட்டும் என்று நான்தான் எப்போதோ அந்த விளையாட்டில் ஆட்களை எல்லாம் நீக்கி வைத்திருந்தேன். இருந்த ரேமுக்கு அப்போது அது சரியான வேலைதான்.

"நிறைய இருக்காங்க," என்றார் மாசிமா. "சாமானும் குழந்தையுமா நிக்கிறாங்க. எல்லாரும் உங்க வண்டிக்குத்தான்."

சபாபதி சார் சிரித்தார். மாசிமாவிடம் ஒரு நிமிடம் என்று சைகை காட்டி, மவுஸை வாங்கி, அந்த அமைப்பைத் திறந்து, ஆட்களைத் திரும்ப வைத்தேன். இப்போதுதான் இடம் இருக்கிறதே. மறுபடி வண்டியைக் கிளப்பியபோது அடுத்த ஸ்டேஷனில் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு ஏழெட்டுப் பேர் பெட்டியும் கையுமாக நின்றார்கள். மாசிமா வாயில் கையை வைத்துக்கொண்டார். அப்புறம் ஒவ்வொருவராக, என்ன நிறத்தில் உடுத்தியிருக்கிறார்கள் என்று சாருக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். அன்றைக்குச் சனிக்கிழமைகூட இல்லை. இருந்தாலும் பூத்துக்குப் போய் வரிசையில் நின்று ஹால்தியாவுக்குப் போன் போட்டேன். "என்ன விஷயம்?" என்று பதறினார். "ஒண்ணுமில்லை, சும்மாதான்" என்றேன்.

அன்று பதறிய என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. லேக் கார்டன்ஸ் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சென்னைக்கு வந்ததிலிருந்து அந்தப் பக்கம் போகவே இல்லை. நீங்கள் யாராவது வேலையாகக் கொல்கத்தா போனால், வேலை இல்லாமலேயே அந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கள். நான் தட்டாமல் விட்டேன். இங்கே உட்கார்ந்து இன்றைக்கும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.